எந்தக் குறிஞ்சி?

‘அறிவியல் பேசக் கருத்துப் போதும், கலைச்சொல் எதற்கு?’ என்றார் எதிரணி நண்பர். கொடைக்கானல் டீக்கடையிலே இரண்டு சிநேகிதர்களைப் பார்த்தேன்.

‘குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருதரம்தான்யா பூக்கும்!’

‘போய்யா, எங்க தோட்டத்துல அதுக்குள்ளேயே பூத்திருக்கு!’

பேச்சு பூவை விட்டு உன் அப்பன், என் பாட்டன் என்று போய், சிநேகிதமே முறிந்தது. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதானய்யா! பழனி மலையிலே குறிஞ்சி வகை பல. பூக்கிற கணக்கும் வேறு வேறு. 2006-லும் 2018-லும் பூத்தது நீலக்குறிஞ்சி. அதற்குத் தாவரவியலார் உலகம் முழுக்க வைத்திருக்கும் ஒரே பெயர் ‘ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா’. ‘எந்தக் குறிஞ்சி?’ என்று ஒருத்தர் கேட்டிருந்தால் நட்பு பிழைத்திருக்கும்! சொல் பொதுவாகட்டும், பேச்சு தலைப்பிலே நிற்கட்டும். அறிவு பூக்க 12 வருஷம் காத்திருக்க வேண்டாம்!