கேட்டுப் பரிமாறுவோம்

(ஆலய ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற தொண்டூழியர் பாராட்டு நிகழ்ச்சியில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் ஆலயத்தின் ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்தில் சென்ற ஆண்டு ஆறு மாணவர்கள் செய்த தொண்டைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பை நிர்வாகக் குழு என்னிடம் ஒப்படைத்திருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் என்பதால் பிள்ளைகளைச் சமாளித்துவிடுவார் என்று நினைத்திருப்பார்கள். பிள்ளைகளைச் சமாளிப்பது எளிது. பெரியவர்களாகிய நம்மைச் சமாளிப்பதுதான் சற்றுக் கடினம் என்பதை இவ்வுரையின் நடுவில் தெரிந்துகொள்வீர்கள்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சமூக ஈடுபாட்டுத் திட்டம் 1997 ஆம் ஆண்டு தொடங்கியது. ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் சமூகத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. நல்ல நோக்கம்தான். ஆனால், நாளடைவில் பல பிள்ளைகளுக்கு அது மணிக்கணக்காகிவிட்டது. உண்டியலை ஏந்திக்கொண்டு எம்ஆர்டி நிலைய வாசலில் நின்ற பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2012 ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாக ‘வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்’, அதாவது பண்புகளைச் செயலில் காட்டும் திட்டம் வந்தது. மாணவர்களே ஒரு தேவையை அடையாளம் காண வேண்டும், தாங்களே திட்டமிட வேண்டும், செய்து முடித்தபின் என்ன கற்றோம் என்று சிந்திக்க வேண்டும் என்பது இதன் சாரம். ஏட்டில் எழுதுவது சுலபம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று ஒரு தேவையை எப்படி அடையாளம் காணும்? அங்கேதான் வழிகாட்டிக்கு வேலை இருக்கிறது.

உயர்நிலை மூன்றில் பயிலும் ஆறு பேர் தங்கள் தமிழாசிரியருடன் வந்தார்கள். வரும்போதே திட்டத்தோடு வந்தார்கள். அன்னதானக் கூடத்தில் உணவு வீணாகிறது. ஆகவே சுவரொட்டி ஒட்டுவோம், ஒலிபெருக்கியில் அறிவுரை சொல்வோம், மொத்தம் இத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதன்று. இந்த நாட்டு உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அப்படியிருந்தும் 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்குகூட மறுபயனீடு செய்யப்படவில்லை. மற்றதையெல்லாம் எரித்தாக வேண்டும். எரித்த சாம்பல் போய்ச் சேரும் இடம் 1999 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செமாக்காவ் தீவு. அதுவும் 2035 ஆம் ஆண்டு வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.

நான் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். இது யாருக்கான தொண்டு? அவர்களைக் கேட்டீர்களா? நீங்கள் போன பிறகு என்ன மிஞ்சும்? மூன்றாவது கேள்விக்கு, “சுவரொட்டி மிஞ்சும், சார்” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தோம். சுவரொட்டியை அப்புறம் பார்க்கலாம், முதல் இரண்டு ஞாயிறும் ஒரு வேலையும் செய்யாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், கண்ணைத் திறந்து வைத்திருங்கள் என்று சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு, கை கழுவும் இடத்தருகே வாளிகளை வைத்தார்கள். சோறு ஒரு வாளி, காய்கறி ஒரு வாளி, மற்றவை ஒரு வாளி. தட்டில் மிஞ்சியதைக் கையுறை அணிந்து பிரித்துப் போட்டார்கள். அன்று மாலையே ஒரு மாணவியின் தாயார் தொலைபேசியில் அழைத்து, “படிக்கிற பிள்ளையை எச்சில் தட்டைக் கிளறச் சொல்வதா?” என்று வருத்தப்பட்டார். அவர் கேட்டதில் தவறு இல்லை. அடுத்த வாரம் நீங்களும் வந்து பாருங்கள், அம்மா என்றேன். வந்தார். மகள் அருகில் சிறிது நேரம் நின்றார். பிறகு அவரும் ஒரு கையுறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாளிகள் என்ன சொல்லின? காய்கறி வாளியில் அடிமட்டம் தெரிந்தது. சோற்று வாளி நிறைந்து வழிந்தது. அதுவும் குழம்பு படாத வெள்ளைச் சோறு. பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், எல்லாருக்கும் சோற்றைக் குறைத்துவிட்டால் போதும் என்றார்கள். தட்டு பேசியது சரி, தட்டுக்கு உரியவர் பேசட்டும் என்றேன். ஆகவே, சாப்பிட வருவோரிடம் பேச அனுப்பினேன்.

அன்பர்களே, இந்த இடத்தைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். நீரிழிவு நோயுள்ள ஒரு மூதாட்டி சொன்னது: “போதும்னுதான் சொன்னேன், தம்பி. காதுல விழலை போல. சாமி சாப்பாட்டை வேணாம்னு தள்ளக்கூடாதேன்னு வாங்கிக்கிட்டேன். ஆனா, முடியலையே.” அதே பந்தியில், இரண்டு மேசை தள்ளி, கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் தட்டில் ஒரு பருக்கை இல்லை. “சோறு பத்தலைதான், தம்பி. ரெண்டாவது தடவை கேட்கக் கூச்சமா இருந்துச்சு” என்றாராம்.

ஒரே அகப்பை. ஒருவருக்கு அது மிகுதி. இன்னொருவருக்கு அது குறைவு. சோற்றைக் குறைத்திருந்தால் வாளி காலியாகியிருக்கும், அந்த இளைஞரின் வயிறும் காலியாக இருந்திருக்கும். பிள்ளைகள் அன்று பேசாமல் வீட்டிற்குப் போனார்கள். அடுத்த வாரம் வந்தபோது திட்டம் மாறியிருந்தது. முதலில் சிறிய அகப்பையால் பரிமாறுவது; பின்னர் கட்டாயம் இரண்டாம் முறை சோற்றுடன் வருவது; வரும்போது ஒவ்வொருவரிடமும் முகம் பார்த்துக் கேட்பது. இவ்வளவுதான்.

இதை நம் பரிமாறும் குழுவிடம் சொல்ல வேண்டுமே! முதலில் எழுதிய உரையை என்னிடம் காட்டினார்கள். உணவு வீணாவதற்குப் பரிமாறுவோரே காரணம் என்று அது தொடங்கியது. நான் அதைத் திருத்தவில்லை. முப்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சூடான சாதப் பாத்திரத்தைத் தூக்கி நடக்கும் ஒருவர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்று மட்டும் கேட்டேன். அவர்கள் கூடிப் பேசினார்கள். பேசுவதற்கு முன் நாங்களும் ஒரு நாள் பரிமாறிப் பார்க்கிறோம், சார் என்றார்கள்.

பரிமாறிய பிறகுதான் அவர்களுக்கு மறுபக்கம் புரிந்தது. வாசலில் அடுத்த பந்திக்கு ஆட்கள் நிற்கிறார்கள். குழந்தைகள் அழுகின்றன. கை வலிக்கிறது. நின்று கேட்க யாருக்கு நேரம்? பரிமாறுவோருக்கு அன்பு குறைவில்லை, ஆள்தான் குறைவு என்று ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் எழுதினாள். கூட்டத்தில் அவர்கள் வைத்த கோரிக்கையும் அதற்கேற்ப அமைந்தது. அங்கிள்மார்கள் முதல் சுற்றைப் பார்த்துக்கொள்ளட்டும், இரண்டாம் சுற்றுக்கு நாங்கள் வருகிறோம் என்றார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “விருந்துக்கு வந்தவரிடம் போதுமா என்று கேட்பது மரியாதையா?” என்றார் ஒருவர். “சின்ன அகப்பையைப் பார்த்தால் நன்கொடையாளர்கள் என்ன நினைப்பார்கள்?” என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கவலைகளே. நான் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசவில்லை. அந்த மூதாட்டி சொன்னதையும் அந்த இளைஞர் சொன்னதையும் ஒரு மாணவன் தனக்குத் தெரிந்த தமிழில், தட்டுத் தடுமாறி, அப்படியே எடுத்துச் சொன்னான். அறையில் பேச்சு நின்றது. நான்கு வாரம் செய்து பார்க்கலாம் என்றார் பரிமாறும் குழுத் தலைவர். நான்காவது வாரம், வழிந்த வாளி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆனால், நான் பெரிதாக நினைப்பது அதையன்று. அந்த இளைஞரும் அவருடைய நண்பர்களும் கூச்சமின்றி மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இன்னொரு பலனையும் சொல்ல வேண்டும். 2010 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்குள்ள ஐந்து வயதிற்கு மேற்பட்டோரில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020 ஆம் ஆண்டில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ் பேசு, பேசு என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இங்கே பேசாவிட்டால் வேலை நடக்காது. ‘போதும்’ என்ற ஒரு சொல்லைப் பிள்ளைகள் எத்தனை விதமாகக் கேட்டார்கள்! தட்டின் மேல் கையை வைத்து மறைத்துச் சொன்னால் உண்மையிலேயே போதும். கையை எடுக்காமல் இழுத்துச் சொன்னால் இன்னும் ஒரு கரண்டி வைக்கலாம். இதை எந்தப் பாடநூலில் கற்பிப்பது?

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற நாட்களில் கூட்டத்தின் நெருக்கடியில் கேட்பது நின்றுவிடுகிறது. அதற்கு இன்னும் வழி காணவில்லை. ஆறு பேரில் இருவர்தான் இன்றும் வருகிறார்கள். மற்ற நால்வருக்கும் தேர்வு, துணைப்பாட வகுப்பு. அவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனால், அவர்கள் போகும்முன் தங்கள் குறிப்பேட்டை அடுத்து வந்த குழுவிடம் உட்கார்ந்து விளக்கி ஒப்படைத்தார்கள். சிறிய அகப்பையும் இரண்டாம் சுற்றும் நிற்கின்றன. என் மூன்றாவது கேள்விக்கு அதுவே பதில்.

மாணவர்களுக்கு வழிகாட்ட முன்வரும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். பிள்ளைகளுக்கு உண்மையான வேலையைக் கொடுங்கள். படம் எடுத்துக்கொள்ள மட்டும் நிற்க வைக்காதீர்கள். பெற்றோரின் சம்மதம், கையுறை, சூடான பாத்திரத்தருகே பெரியவர் துணை ஆகியவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். விடையைச் சொல்லிவிட நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் வேலை முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார வைத்து, இன்று யாரிடம் என்ன கேட்டாய், நீ நினைத்ததற்கு மாறாக என்ன தெரிந்தது என்று கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் மீண்டும் மணிக்கணக்குத்தான் மிஞ்சும்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வடலூரில் 1867 ஆம் ஆண்டு வள்ளலார் பெருமான் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது பசித்தவர் பசியாற வேண்டும் என்பதற்காக. நீங்கள் தரும் அரிசி மூட்டையின் புண்ணியம் மூட்டையின் எண்ணிக்கையில் இல்லை. அது யார் வயிற்றில் போய்ச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. சிறிய அகப்பையைக் கண்டு ஆலயம் சிக்கனம் பிடிக்கிறது என்று எண்ண வேண்டாம். பரிமாறுபவர் இன்னொரு முறை உங்களிடம் வருவார். அரிசியோடு, மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் உங்கள் கைகளையும் தாருங்கள். இரண்டாம் சுற்றுக்கு இன்றும் ஆள் போதவில்லை. அந்த மூதாட்டியின் ‘போதும்’ யார் காதிலாவது விழ வேண்டும்; அந்த இளைஞரின் கூச்சம் யார் கண்ணிலாவது பட வேண்டும்.

வெளியே மேசையில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. மாணவிகள் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு எந்த ஞாயிறு தோது என்று அவர்களே கேட்பார்கள்.