வென்றவர் எழுதிய வரலாறு



எம்மை ஆண்ட பிரித்தானியரின் நாடும் ஒருகாலத்தில் உரோமருக்கு அடிமைப்பட்டிருந்தது. அக்கதையை எழுதி வைத்தவர் யாவர்? வென்றவரே. கி.மு. 55இல் அங்கு இறங்கிய யூலியஸ் சீசர் தம் படையெடுப்பைத் தாமே எழுதினார். கி.பி. 43இல் குளோடியஸ் மன்னன் தொடங்கிய வெற்றி வடக்கே பரவியதை எழுதிய தாசிற்றஸ், தளபதி அகிறிக்கோலாவின் மருமகன். மாமனாரைக் குறைத்தா எழுதுவார்? தோற்றவரோ ஏடொன்றும் விட்டுச் செல்லவில்லை.

ஆகவே வரலாற்றாசிரியர் மண்ணைச் சாட்சிக்கு அழைத்தனர். கி.பி. 60 அல்லது 61இல் அரசி பூடிக்கா கிளர்ந்தெழுந்து நகரங்களை அழித்தாள் என்பர் தாசிற்றஸ். கொல்செஸ்ரரிலும் இலண்டனிலும் அகழ்ந்தபோது, தீயிற் கருகிச் சிவந்த மண்படை வெளிப்பட்டது. அவ்வளவில் அவர் கூற்று மெய்யே. ஆனால் இறுதிப் போரில் எண்பதினாயிரம் பிரித்தானியர் மாண்டனர் என்ற கணக்கை எப்படி நம்புவது? அப்போர்க்களம் எதுவென்பதே இன்றும் துணியப்படவில்லை.

1973 முதல் விந்தொலாந்தா என்னும் உரோமக் கோட்டையிற் கிடைத்துவரும் மெல்லிய மர ஏடுகள் இன்னும் சுவையானவை. ஒன்றில் ஒரு மாது தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைக்கின்றாள். மற்றொன்று பிரித்தானியரின் போர்முறையை விவரித்து, அவர்களை 'அற்பப் பிரித்தானியர்' என்று ஏளனஞ் செய்கின்றது. பிறர் கண்ணிற் படுமென எண்ணாது எழுதியவை இவை. அதனாலேயே தாசிற்றஸின் அழகிய வசனத்திலும் இவற்றை நான் நம்புவேன். எனினும், இவையும் கோட்டைக்குள்ளிருந்து எழுதியவையே.