விடுபட்ட ஒரு வாக்கியம்



கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலமாய்த் தெரியும் கல்வராயன் மலைக்கு 1976ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த மலையூர்கள் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது அவ்வாண்டில்தான். மலைமக்கள் எத்தகைய அரசின்கீழ் வந்தனர்? 1971 போரின்போது பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலை நீங்காதிருக்கவே, 1975இல் அதன்மேல் இன்னொன்றும் ஏற்றப்பட்டிருந்தது. தடுப்புக் காவலில் உள்ளவர் விடுதலை வேண்டி நீதிமன்றத்தை அணுக இயலாது என்று 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஐவரில் எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். அத்தீர்ப்பு பிழையென்று அந்நீதிமன்றமே சொல்ல 2017 வரை ஆயிற்று!

அரசின் அச்சம் பொய்யென்று யாரும் சொல்வதற்கில்லை. 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் வெடித்த குண்டு ராஜீவ் காந்தியோடு வேறு பல உயிர்களையும் கொண்டுபோயிற்று. சாட்சிகளுக்குக் காப்பு வேண்டும். புலனாய்வில் சில செய்திகள் மறைவாயிருத்தலும் வேண்டும். ஆனால் தடா சட்டம் அவ்வளவில் நிற்கவில்லை. பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது. காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலம், பிற வழக்குகளில் செல்லாதது, அங்கே சான்றாயிற்று. 1998 ஜனவரி 28இல் 26 பேருக்கும் தூக்கு. அடுத்த ஆண்டு மே 11இல் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. இது தடாவுக்குரிய வழக்கே அன்று என்றும் கூறியது. ஆயினும் அச்சட்டத்தின்கீழ்ப் பெற்ற வாக்குமூலங்கள் செல்லும் என்றது. இது விளங்கிக்கொள்ளக் கடினமான நியாயம்.

தொலைபேசி ஒட்டுக்கேட்பிலும் இம்மூடிய அறை உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் மறு ஆய்வுக் குழு வேண்டுமென்றது; குழுவில் அமர்வோர் அரசுச் செயலர்களே.

சொல்லையே தொழிலாகக் கொண்ட இவ்வவையோர் ஓரிடத்தில் சற்று நிற்றல் வேண்டும். பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கித் தந்ததாக அவருடைய வாக்குமூலம் கூறியது. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார். அதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே ஓய்வு பெற்றபின் 2013இல் வெளிப்படுத்தினார். ஓர் அடியில் ஒரு சீர் விடுபட்டால் கவிஞர் இரவெல்லாம் உறங்குவதில்லை. இங்கே விடுபட்டது முழு வாக்கியம். திறந்த மன்றம் எல்லாப் பிழையையும் பிடித்துவிடும் என்பதற்கில்லை. ஆனால் மூடிய அறையில், விடுபட்டது ஒன்று உண்டென்று ஐயுறுவதற்குக்கூட வெளியே ஆளில்லை.

2022 மே 18இல் அவரை உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தால் விடுவித்தது. குற்றமற்றவர் என்ற தீர்ப்பன்று அது. ஆளுநர் முடிவெடுக்காமல் காலம் தாழ்த்தியமை பற்றி எழுந்தது. கைதாகி ஏறத்தாழ 31 ஆண்டுகள் கடந்திருந்தன.