உடன்பிறப்பை இழந்த இளையோர்

ஒரு வீட்டிலே பிள்ளை இறந்துவிட்டால், துக்கம் விசாரிக்க வருவோர் தாயையும் தந்தையையுமே நாடிச் செல்வர். மூலையிலே நிற்கும் பதினான்கு வயதுச் சகோதரனைக் கண்டால், "அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள், தம்பி" என்று சொல்லிப் போவர். ஆறுதல் பெற வேண்டிய பிள்ளைக்குக் கிடைப்பது பொறுப்பு ஒன்றே.

இறந்தவர் திரும்பி வருவார் என்று சிறு குழந்தை எண்ணக்கூடும். இளையோர் அவ்வாறு எண்ணார். மரணம் மீளாதது என்பதை முதியோரைப் போலவே அவர்கள் அறிவர். ஆயினும் அதனைத் தாங்கிய பழக்கம் அவர்களுக்கு இல்லை. தம் அழுகை பெற்றோரின் துயரைப் பெருக்கும் என அஞ்சி அதனை அடக்குவர். அடக்கிய துயர் வேறு வழியிலே வெளிப்படும். ஒருவன் காரணமின்றிச் சினப்பான். ஒருத்தி உறக்கம் இழப்பாள். பாடத்திலே மனம் பதியாது. முன்னாள் இட்ட சிறு சண்டையும் பெருங் குற்றமாக நின்று நெஞ்சை அறுக்கும். இறந்த அண்ணனைப் போலவே தானும் ஆகித் தாயின் குறையைத் தீர்க்க முயல்வாரும் உளர்.

நோர்வே நாட்டு ஓவியர் எட்வார்ட் முங்க், 1868இல் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். 1877இல் அதே நோயால் தமக்கை சோபி இறந்தபோது அவளுக்கு வயது 15, தம்பிக்கு 13. 'நோயுற்ற பிள்ளை' என்னும் ஓவியத்தை அவர் 1885இல் தொடங்கினார். அது முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அதனை மொத்தம் ஆறு முறை தீட்டினார். இளமையிலே உற்ற இழப்பு முதுமைவரை உடன்வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையிலே 30,000இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கரையோரப் பாடசாலைகள் மீளத் திறந்தபோது, உடன்பிறந்தாரை இழந்த மாணவர் பலர் வகுப்புக்கு வந்தனர். வீடே நிலைகுலைந்த வேளையில், மணியடித்தால் பாடம், இடைவேளையானால் விளையாட்டு என்னும் ஒழுங்கு பிள்ளைக்கு ஓர் ஊன்றுகோலாகும்.

பெரியோர் செய்யத்தக்கவை சிலவே. இறப்பின் காரணத்தை மறையாது கூறுக. இறந்தவரின் பெயரை வீட்டிலே வழங்குக. அந்தியேட்டியிலும் ஆண்டுத் திவசத்திலும் பிள்ளைக்கும் ஒரு பங்கு கொடுக்க. இறந்தவரோடு ஒப்பிட்டுப் பேசற்க. பிள்ளை நண்பரோடு சிரித்தால், துயரை மறந்தான் என்று பழியற்க. தமையன் இறந்த வயதைத் தான் எட்டும் நாளிலே துயர் மீண்டும் எழலாம்; அதனையும் எதிர்பார்க்க. உணவும் உறக்கமும் வாரக்கணக்காகக் குன்றினாலோ, சாவைப் பற்றிய பேச்சு வாயிலே வந்தாலோ, தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்க.

"அம்மா எப்படி இருக்கிறா?" என்று அப்பிள்ளையைக் கேட்போர் பலர். "நீ எப்படி இருக்கிறாய்?" என்று ஒருவரேனும் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.