அடைமழைக்கு முன் சைக்கிளைக் கவனியுங்கள்



தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபத்தை இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பிகள் தேராகவே அமைத்தார்கள். சக்கரமும் உண்டு, இழுக்கக் குதிரையும் உண்டு. ஆனால் அதே ஊர்த் தெருவில் காலையில் பள்ளிக்கூட நேரத்தில் நின்று பிள்ளைகளின் சைக்கிள்களைப் பாருங்கள். செயின் கீச்சிடுகிறது, டயர் மட்கார்டில் உரசுகிறது. பிரேக் பிடிக்காததால் பிள்ளைகள் காலைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்துகிறார்கள். பார்க்கவே மனம் பதறுகிறது.

அந்த வண்டிகளில் பல, அரசு தந்த விலையில்லா சைக்கிள்கள். 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் எல்லாப் பிரிவினருக்கும் விரிந்த நல்ல திட்டம் அது. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்ததோடு கவனிப்பு நின்றுவிடுகிறது. புது வண்டி ஓடத் தொடங்கிய சில வாரங்களில் நட்டுகளும் போக்ஸ் கம்பிகளும் தளரும். அப்போதே கடையில் விட்டுக் கோட்டம் எடுக்க வேண்டும்.

கோட்டம் எடுப்பது ஓர் அருமையான கலை. கடைக்காரர் சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியைப் பிடிப்பார். கோடு விழுந்த இடம்தான் கோணல். அங்கே ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முடுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைச் சற்றுத் தளர்த்துவார். மறுபடி சுற்றிப் பார்ப்பார். கோடு சக்கரம் முழுக்கச் சீராக விழும்வரை விடமாட்டார். அந்தப் பொறுமைக்கு நாம் கொடுக்கும் கூலி மிகக் குறைவு.

மற்றவை வீட்டிலேயே செய்யக்கூடியவை. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாக இறுகிவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்து, கணுவுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். வழியும் எண்ணெயில் வரப்புப் புழுதி ஒட்டினால் உப்புத்தாளாகப் பல்சக்கரத்தை அராவிவிடும். ரிம்மில் எண்ணெய் படவே கூடாது, பிரேக் கட்டை வழுக்கும். காற்று அடிக்கடி இறங்கினால் உடனே பஞ்சர் என்று நினைக்காதீர்கள். வால்வு மேல் செருகியிருக்கும் சின்ன ரப்பர் குழாய் இற்றுப்போயிருக்கலாம். அதை மாற்றினாலே போதும். குறைந்த காற்றில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் வெடிக்கும்.

ஆயுத பூஜையன்று ஹேண்டில்பாருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அந்த நாள் பெரும்பாலும் ஐப்பசி அடைமழைக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. இந்த ஆண்டு பொட்டு வைக்கும் முன், செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.