உத்தரவும் ஊழியரும்

யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவர் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவர். ஆகவே ஒன்றிய, மாநில உறவைக் கோட்டையிலிருந்து பார்க்காமல் தாலுகா அலுவலக மேசையிலிருந்து பார்க்கிறேன்.

பாஸ்போர்ட் ஒன்றியப் பட்டியலில் உள்ள விஷயம். ஆனால் விண்ணப்பித்தவர் சொன்ன முகவரியில்தான் இருக்கிறாரா என்று பார்ப்பது உள்ளூர்க் காவல் நிலையம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒன்றியத்தின் வேலை. அதற்காகக் கையில் படிவத்தோடு வீடு வீடாகப் போனவர்கள் நம் ஊர் ஆசிரியர்கள். தாலுகாவில் அதை மேற்பார்த்தவர் தாசில்தார். தபால், ரயில், வருமான வரி போன்ற சில துறைகளை விட்டால் கிராமத்தில் டெல்லிக்கென்று சொந்த ஆள் கிடையாது.

இதை அரசியலமைப்பை எழுதியவர்கள் அறிந்தே செய்தார்கள். நாடாளுமன்றச் சட்டங்களுக்கு இணங்கவே மாநிலம் நிர்வாகம் நடத்த வேண்டும் என்கிறது 256ஆவது உறுப்பு. ரயில் பாதைகளைக் காக்கச் சொல்லி மாநிலத்துக்கு உத்தரவிடலாம் என்கிறது 257. அதனால் மாநிலத்துக்குக் கூடுதல் செலவானால் ஒன்றியம் கொடுக்க வேண்டும். தொகையில் தகராறு வந்தால் இந்தியத் தலைமை நீதிபதி நியமிக்கும் நடுவர் தீர்ப்பார். கணக்கில் இவ்வளவு நேர்மையாக இருந்தவர்கள் அதிகாரத்தில் அப்படி இருக்கவில்லை. உத்தரவை மாநிலம் மீறினால் 365ஆவது உறுப்பு குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிவிடுகிறது. வாடகைப் பாக்கிக்கு வீட்டை இடிப்பது போன்ற ஏற்பாடு இது.

உண்மையான உரசல் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் வருகிறது. தேர்ந்தெடுப்பதும் நியமிப்பதும் ஒன்றியம். மாநிலத்தில் வேலை பார்க்கும்வரை சம்பளமும் இடமாற்றமும் மாநிலம். மாநிலம் அவரை இடைநீக்கம் செய்யலாம், பணிநீக்கம் செய்ய முடியாது. சிதறிக் கிடந்த நாட்டை ஒட்டவைக்க இப்படி ஒரு பணி வேண்டும் என்று வாதாடியவர் படேல். 1949இல் அந்த வாதத்துக்கு வலு இருந்தது. இன்றும் ஓரளவு இருக்கிறது என்றே நினைக்கிறேன். மாவட்ட ஆட்சியர் உள்ளூர்க் கட்சிக்காரருக்கு மறுப்புச் சொல்ல முடிவதற்கு அந்தப் பாதுகாப்பும் ஒரு காரணம்.

ஆனால் 1954ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். பணித்தொகுதி விதிகளில் ஆறாவது விதியைப் பாருங்கள். அதிகாரியை டெல்லிக்கு அனுப்ப இரு அரசுகளும் இசைய வேண்டும். இசையாவிட்டால் ஒன்றியம் சொல்வதே முடிவு. முதல் பாதியில் கொடுத்ததைப் பின்பாதியில் பிடுங்கிக்கொள்ளும் விதி.

இந்த விதி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 2021 மே 28 அன்று, யாஸ் புயல் சேதம் குறித்துப் பிரதமர் கலைகுண்டாவில் நடத்திய கூட்டத்திலிருந்து மேற்கு வங்க முதல்வர் சீக்கிரமே கிளம்பினார். தலைமைச் செயலாளரும் உடன் போனார். மே 31 காலை 10 மணிக்கு டெல்லியில் இருக்க வேண்டும் என்று தலைமைச் செயலாளருக்கு அன்றிரவே ஒன்றிய அரசின் உத்தரவு வந்தது. அந்த 31ஆம் தேதிதான் அவர் ஓய்வு பெறவேண்டிய நாள். சில நாள் முன்புதான் கொரோனா வேலைக்காக மூன்று மாத நீட்டிப்புக்கு அதே ஒன்றிய அரசு சம்மதித்திருந்தது. அவர் நீட்டிப்பே வேண்டாம் என்று ஓய்வு பெற்று, முதல்வரின் தலைமை ஆலோசகரானார்.

நமக்கும் இது புதிதல்ல. 2001இல் கருணாநிதி கைதுக்குப் பின் மூன்று ஐ.பி.எஸ். அதிகாரிகளை ஒன்றியம் அழைத்தது. ஜெயலலிதா அரசு விட மறுத்தது. அன்று டெல்லியில் பிரதமர் வேறு, இங்கே கட்சி வேறு. வாதம் மட்டும் அதே வாதம். ஆளுங்கட்சி யாராக இருந்தாலும் டெல்லிக்குப் போனதும் ஆறாவது விதி இனித்துவிடுகிறது.

என் கருத்து இது: மாநிலமும் அந்த அதிகாரியும் சம்மதிக்காமல் யாரையும் டெல்லிக்கு அழைக்கக் கூடாது. 2022 ஜனவரியில் ஒன்றியம் முன்வைத்த திருத்த வரைவு இதற்கு நேர் எதிராக இருந்தது. பல முதல்வர்கள் எதிர்த்து எழுதினார்கள்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசியலமைப்பு தமிழிலேயே கிடைக்கிறது. 256 முதல் 263 வரை, இடையில் 259 நீக்கப்பட்டுவிட்டது, ஆக ஏழெட்டு உறுப்புகள்தான். அடுத்த முறை தொலைக்காட்சி விவாதத்தில் உட்காருவதற்கு முன் அவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள்.