பிள்ளை தெருவில், சாவி வீட்டில்



இரவு ஒன்பது மணிக்கு மேல் ஊர்ப் பாலத்துக் கட்டையில் நாலு பையன்கள் உட்கார்ந்திருந்தால், 'இவனுங்களப் பெத்தவங்க என்னதான் பண்றாங்க?' என்று சொல்லிக்கொண்டே கடந்து போகிறோம். இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப்பணி உறுப்பினராக இருந்த காலத்தில் அந்தப் பெற்றவர்களை எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். அவர்களைப் பற்றித்தான் இந்த உரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை தெருவில் நிற்பது குற்றம் இல்லை. அமெரிக்காவின் பல நகரங்களில் இரவில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் சிறுவர் வெளியே திரியத் தடை உண்டு; மீறினால் பெற்றோருக்கு அபராதம் விழும். தமிழ்நாட்டில் அப்படிப் பொதுவான விதி இல்லை. சந்தேகப்படும்படி நடமாடியவர் என்று பெரியவர்களிடம் நன்னடத்தைப் பிணை கேட்கும் பிரிவுகள் 109, 110 என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தன. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் அவை 128, 129. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இந்த வகை நடவடிக்கையைக் குழந்தைகள் மீது எடுக்கவே கூடாது என்று 22-ஆம் பிரிவில் தடுத்துவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வார்டு உறுப்பினர்களும் குடியிருப்போர் சங்கத்தாரும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'நாலு தட்டு தட்டி ஸ்டேஷன்ல உக்கார வைங்க சார்' என்று நீங்கள் கேட்டாலும், பிள்ளையை லாக்கப்பில் வைக்கப் போலீசாருக்கு அதிகாரம் இல்லை.

நின்றதோடு நிற்காமல் ஏதாவது செய்துவிட்டால்? அப்போதுதான் எங்களிடம் வருவார்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். பெற்றோருக்கும் தகவல் சொல்ல வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்போம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அறைதான். மேடை கிடையாது, கூண்டு கிடையாது. உறுப்பினர்கள் உயரத்தில் உட்காரக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. பிள்ளையை விசாரிக்கும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் காக்கிச் சட்டையில் வரக் கூடாது. ஆனாலும் வருகிற அப்பாக்கள் உட்காரமாட்டார்கள். 'பரவால்லம்மா, நிக்கிறேன்' என்பார்கள். அவர்களை உட்காரவைப்பதுதான் எங்கள் முதல் வேலை.

அப்படி ஒருவர். ஊரும் பேரும் சொல்ல மாட்டேன். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. சந்தையில் மூட்டை தூக்குகிறவர். நடுராத்திரி லாரி வந்தால்தான் அவருக்கு வேலை. மகன் தெருவில் நின்ற பைக்கில் பெட்ரோல் உறிஞ்சிப் பிடிபட்டிருந்தான். சிறு குற்றம், இதற்கெல்லாம் முதல் தகவல் அறிக்கை போடுவதில்லை. பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு அனுப்புவார்கள். நான் அந்த அறிக்கையைத்தான் முதலில் படிப்பேன். ஒரே அறை வீடு. அக்கா பிளஸ் டூ படிக்கிறாள். விளக்கு எரிந்தால் தம்பிக்குத் தூக்கம் வராது. அவன் வீட்டில் இருந்தால் அவளுக்குப் படிப்பு ஓடாது. 'நீ கொஞ்சம் வெளிய இருந்துட்டு வாடா' என்று அம்மாவே அனுப்பியிருக்கிறார். ஊர் அவனைத் தறுதலை என்றது. அவனோ அக்காவுக்காக வெளியே வந்து, அங்கே இருந்தவர்களோடு சேர்ந்துகொண்டவன். பெற்றோருக்கே அபராதம் விதிக்கவும் எங்களுக்கு அதிகாரம் உண்டு. அவருக்கு விதித்தால் யார் சோற்றில் கை வைப்பது? ஆலோசனைக்கு ஏற்பாடு செய்து, அவருடைய பொறுப்பில் பிணைமுறி எழுதி வாங்கி அனுப்பினோம். கையெழுத்துப் போடும்போதுதான் அந்த மனிதர் முதன்முறையாக உட்கார்ந்தார்.

சட்டம் பெற்றோரிடம் இரக்கமே காட்டாத இடமும் ஒன்று உண்டு. அது வண்டி. 2019 செப்டம்பர் முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. உரிமம் இல்லாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. பெற்றோரோ உரிமையாளரோ சம்மதித்துத்தான் பிள்ளை ஓட்டினான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; எனக்குத் தெரியாது, நான் தடுக்கத்தான் பார்த்தேன் என்பதை அவர்களேதான் நிரூபிக்க வேண்டும். ஸ்கூட்டர் தாத்தா பேரில் இருந்தால் தாத்தாவும் மாட்டுவார்.

கடுமைதான். ஆனால் எனக்கு இதில் மறுப்பு இல்லை. 'கொத்தமல்லி வாங்கிட்டு வாடான்னு நாந்தாம்மா சாவியக் குடுத்தேன்' என்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அன்று அவர் மகனின் வண்டி மோதியதில் ஒரு முதியவருக்குக் கால் போயிற்று. மகன் தெருவில் யாரோடு நிற்கிறான் என்பது பெற்றவர் கையை மீறிய விஷயமாக இருக்கலாம். ஆணியில் தொங்கும் சாவி அப்படி இல்லை. பதினாறு வயதில் 50 சிசி வரையுள்ள கியர் இல்லாத வண்டிக்கு உரிமம் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம்தான், ஆனால் உங்கள் வீட்டு ஸ்கூட்டர் அநேகமாக நூறு சிசிக்கு மேல். அதன் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது; பள்ளி, கல்லூரியிலிருந்து நூறு கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. பிள்ளைகள் நிற்கும் இடம் பெரும்பாலும் உங்கள் கடை வாசல்தான்.

நேரம் ஆகிவிட்டது. பிள்ளையைப் பற்றிக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் ஒளியாமல் போங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். இரவில் தனியாகத் தவிக்கும் குழந்தையைக் கண்டால் 1098-க்குப் பேசுங்கள். இன்று இதைக் கேட்ட பெற்றோரில் சிலராவது, குழுமத்தின் படியேற நேர்ந்தால், முகத்தைத் தொங்கப்போடாமல் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து எங்களிடம் பேசுவார்கள் என்று நம்புகிறேன்.